வெயில் பக்கம் போன லிஃப்ட்: கென் யாங்கின் கட்டடங்களை எப்படிப் பார்ப்பது

கென் யாங் என்று இணையத்தில் தேடினால் வந்து கொட்டுவதெல்லாம் பச்சைப் படங்கள்தான். மாடிக்கு மாடி வழியும் கொடிகள், கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு மேலேறும் தோட்டம், மொட்டைமாடியில் மரம். உயரமான கட்டடங்களில் செடி வைக்கும் மலேசியக் கட்டடக் கலைஞர் என்ற அளவிலேயே பலருக்கு அவர் பெயர் தங்கிவிட்டது. அவர் வழியில் போவதாகச் சொல்லிக்கொள்கிறவர்களிலும் பலர் செடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் அவர் செய்ததிலேயே மிகப் பயனுள்ள காரியம் புகைப்படத்தில் தெரியாது, பிளானில்தான் தெரியும். லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை இந்த மூன்றையும் எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்வி அது.

யாங் 1948-இல் பினாங்கில் பிறந்தவர். லண்டனில் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படித்துவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் போனார். வெளியிலிருந்து மின்சாரமும் தண்ணீரும் வாங்காமல் தன் காலிலேயே நிற்கும் ஒரு வீட்டை வடிவமைக்கும் ஆய்வு அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தவருக்கு, ஒரு வீட்டில் கருவிகளைப் பொருத்துவதோடு விஷயம் முடிந்துவிடாது என்று பட்டிருக்கிறது. ஒரு கட்டடம் தன்னைச் சுற்றியுள்ள உயிர்ச்சூழலிலிருந்து எதையெல்லாம் எடுக்கிறது, எதையெல்லாம் அதற்குள் கொட்டுகிறது என்ற பெரிய கேள்விக்குத் தாவினார். முனைவர் பட்டம் வாங்கியது அதற்குத்தான். அப்புறம் 1976-இல் தெங்கு ராபர்ட் ஹம்சாவுடன் சேர்ந்து டி.ஆர். ஹம்சா அண்ட் யாங் என்ற நிறுவனத்தைக் கோலாலம்பூரில் தொடங்கினார்.

அவர் தொழில் தொடங்கிய காலத்தில் கோலாலம்பூர் வேகமாக உயர்ந்துகொண்டிருந்தது. அங்கே எழுந்த அலுவலகக் கோபுரங்களின் உருவம் மட்டும் வேறு ஊர்களிலிருந்து வந்தது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் வகுத்த அமைப்பு அது: நடுவில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள் எல்லாம் அடங்கிய ஒரு தண்டு, அதைச் சுற்றி அலுவலக இடம், வெளியே நாலு பக்கமும் கண்ணாடி. அந்தத் தண்டைக் கட்டடத் தொழிலில் கோர் என்பார்கள். கட்டி விற்பவருக்கு இது ரொம்ப வசதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல், எல்லா ஜன்னலோரத்துக்கும் வாடகை வாங்கலாம். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் வரைவதும் கட்டுவதும் சுலபம். உள்ளே எழும் சூட்டை ஏசி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வெயில் நாலு பக்கமும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேதான் நிற்கும். ஜூனில் வடக்கே ஒரு 20 பாகை சாயும், டிசம்பரில் தெற்கே 27 பாகை போலச் சாயும், அவ்வளவுதான். அதனால் வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் நண்பகல் வெயில் செங்குத்தாக, வழுக்கிக்கொண்டு விழுகிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தெற்கு ஜன்னலை டிசம்பர் நண்பகலில்கூட முழுசாக நிழலில் வைக்க முக்கால் மீட்டர் சன்ஷேடு போதும். அதே ஜன்னலை மேற்குச் சுவரில் வைத்துப் பாருங்கள். மாலையில் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்கு இறங்கும்போது அந்த ஜன்னலை மறைக்க 2.6 மீட்டர் நீளச் சன்ஷேடு வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, வெயில் நேராக மேசை மேலேயே வந்து உட்காரும். கிழக்கில் காலையில் இதே கதை. ஆக, அந்த ஊரில் ஒரு கோபுரத்துக்கு இரண்டு நல்ல பக்கங்களும் இரண்டு கெட்ட பக்கங்களும் இருக்கின்றன. நாலையும் ஒன்றாகப் பாவித்துக் கண்ணாடி போடுவது, சூட்டை உள்ளே அழைத்துவிட்டு ஆண்டு முழுக்க அதை வெளியேற்றக் காசு கட்டுவதுதான்.

யாங் செய்தது இதுதான். நடுவில் இருந்த கோரைத் தூக்கி வெயில் அடிக்கும் பக்கம் வைத்தார். லிஃப்ட் குழாய்க்கு ஜன்னல் வேண்டாம். படிக்கட்டில் யாரும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கெட்டியான சுவர்களோடு அவை அந்தப் பக்கம் நின்று, உள்ளே வேலை செய்கிறவர்கள் மேல் விழவேண்டிய வெயிலைத் தாங்கிக்கொள்கின்றன. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, பழுதாகவும் ஒன்றுமில்லை. ஆனால் பிளான் போடும் முதல் வாரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். கட்டி முடித்தபிறகு எத்தனை கோடி கொட்டினாலும் கோரை நகர்த்த முடியாது.

முதலில் அவர் தன் சொந்த வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் 1980-களின் நடுவில் கட்டிய அந்த வீட்டுக்குக் கூரைக் கூரை வீடு என்று பொருள்படும்படி ஒரு பெயர். வழக்கமான தட்டைக் கூரைக்கு மேலே, வீடு முழுக்கக் குடை பிடித்த மாதிரி, வளைந்த இன்னொரு கான்கிரீட் கூரை. அது மூடிய கூரை இல்லை, இடைவெளி விட்டு அடுக்கிய சாய்பலகைகள். காலை வெயிலைக் கொஞ்சம் உள்ளே விட்டு, உச்சிவெயிலையும் பிற்பகல் வெயிலையும் தடுக்கும் கோணத்தில் அந்தப் பலகைகள் சாய்ந்திருக்கின்றன. வீட்டுக்குள் வரும் காற்று நீச்சல்குளத்தின் மேலாக வரும்படி குளத்தின் இடம் அமைந்திருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்துப் பழைய கடைவீடுகளில் தெருவை ஒட்டி ஓடும் அஞ்சடி என்ற கூரையுள்ள நடைபாதை, உள்ளே திறந்த முற்றம், மேலே காற்றுக்கான திறப்புகள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் கட்டிய வீடு என்பது பார்த்ததும் தெரியும். அந்தப் பழைய வீடுகளின் கூரை ஓடுகளையும் மரத்தையும் அவர் நகலெடுக்கவில்லை. வேலை செய்யும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இதையே பெரிய அளவில் செய்த கட்டடம் சுபாங் ஜெயாவில் 1992-இல் முடிந்த மெனாரா மெசினியாகா. ஐபிஎம் பொருள்களை விற்றுவந்த மெசினியாகா நிறுவனத்தின் தலைமையகம், 15 மாடி, வட்ட வடிவம். 1995-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது இதற்குக் கிடைத்தது. இந்த ஒரு கட்டடத்தைச் சரியாகப் படித்தால் யாங்கைப் பாதி படித்த மாதிரி என்பேன்.

கீழேயிருந்து பார்க்கலாம். தரைமட்டத்தில் மண்மேடு ஒன்று கட்டடத்தின் மேல் சரிந்து ஏறுகிறது, அதன் மேல் புல்லும் செடியும். அந்தப் பச்சை அங்கேயே நிற்காமல், வட்டக் கோபுரத்தில் வெட்டி எடுத்ததுபோல் இருக்கும் ஆழமான திறந்த மாடங்கள் வழியே, மாடிக்கு மாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று மேலே போகிறது. இவற்றை வான்முற்றம் என்று சொல்லலாம். உள்ளே தள்ளியிருப்பதால் பின்னாலுள்ள கண்ணாடிக்கு நிழல் கிடைக்கிறது, ஊழியர்கள் வெளியே வந்து நிற்கவும் இடம் கிடைக்கிறது. வெயில் குறைவான வடக்கிலும் தெற்கிலும் தடுப்பில்லாத கண்ணாடி. சூடான பக்கங்களில் ஜன்னலுக்கு வெளியே அலுமினியத் தகடுகளும் லூவர்கள் எனும் சாய்பட்டைகளும் வளையங்களாகச் சுற்றி ஓடுகின்றன. கோர் கிழக்குப் பக்கம் நிற்கிறது. உச்சியில் நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், அவற்றின் மேல் இரும்பு உத்திரங்களால் ஆன ஒரு நிழற்சட்டம். பின்னாளில் சூரியத் தகடுகள் பொருத்திக்கொள்ளலாம் என்று 1992-லேயே யோசித்து வைத்த சட்டம் அது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் லிஃப்ட் கூடம். வழக்கமான கோபுரத்தில் லிஃப்ட் கதவு திறந்தால் எதிரே ஒரு சுவர், குழல்விளக்கு வெளிச்சம், எந்த மாடி என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். கோர் வெளிச்சுவருக்குப் போய்விட்டதால், மெசினியாகாவில் லிஃப்ட் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் பகல் வெளிச்சமும் வெளிக்காற்றும் கிடைக்கின்றன. அங்கே பகலில் விளக்கு வேண்டாம், ஏசி வேண்டாம், கழிப்பறைக்குத் தனியாகக் காற்றாடி வைத்துக் காற்றை இழுக்க வேண்டாம். இன்னொரு சேமிப்பும் உண்டு. கோர் நடுவில் அடைபட்டிருந்தால், தீப்பிடிக்கும்போது புகை ஏறாமல் இருக்கப் படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் இயந்திரம் கட்டாயம் தேவைப்படும். திறந்த கூடத்துக்கு அந்த ஏற்பாடே தேவையில்லை. ஒரே முடிவு, நாலைந்து இயந்திரங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. மனிதர்களுக்குக் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை: லிஃப்டை விட்டு வெளியே வந்தால் மழை பெய்கிறதா, மாலை ஆகிவிட்டதா என்று தெரிகிறது.

உள்ளே அறைகளை அடுக்கியதிலும் இதே புத்தி இருக்கிறது. ஜன்னலோரத்தை மேலாளர்களின் மூடிய அறைகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை நடுவில் உட்காரவைப்பதுதான் அலுவலகங்களின் வழக்கம். இங்கே மூடிய அறைகள் நடுவிலே, சாதாரண ஊழியர்களின் மேசைகள் ஓரத்திலே. வெளிச்சம் அதிகம் பேருக்குப் போகிறது.

இவ்வளவு சொன்னாலும், மெசினியாகாவின் அலுவலகத் தளங்கள் ஏசி போட்டவைதான். இதைச் சுட்டிக்காட்டி, அப்படியென்றால் இது என்ன சுற்றுச்சூழல் கட்டடம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். யாங் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார். கட்டடத்தின் உருவம், திசை, நிழல், காற்றுவழி இவற்றாலேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு முதலில். அதற்குமேல் தேவைப்பட்டால் காற்றாடி போன்ற சிறிய உதவியோடு வெளிக்காற்று. அதற்கும் மேலேதான் முழு ஏசி. கடைசியாக, கட்டடம் தனக்கான மின்சாரத்தைத் தானே தயாரிப்பது. கட்டடம் முழுவதையும் ஒரே நிலையில் வைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் எது போதும் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். மேசையில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு வேண்டிய குளிர்ச்சி, லிஃப்டுக்காக அரை நிமிடம் நிற்பவருக்கு வேண்டாம். பெரும்பாலான கட்டடங்களை இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் கட்டுகிறார்கள். முதலில் கண்ணாடிப் பெட்டி, அப்புறம் பெரிய ஏசி, கடைசியில் நற்பெயருக்காக மேலே நாலு சூரியத் தகடு. வெளியே தெரியும் இரும்புச் சட்டங்களும், கருவிகளைக் கட்டுப்படுத்தும் தானியங்கி அமைப்பும் மெசினியாகாவிலும் இருக்கின்றன. பார்வைக்கே ஓர் இயந்திரம் மாதிரி இருக்கும் கட்டடம் அது. ஆனாலும் அங்கே இயந்திரத்துக்குக் கிடைத்தது இரண்டாவது இடம்தான், அந்த ஒழுங்குதான் முக்கியம்.

வெயிலைத் தடுத்தாயிற்று, காற்று? அதற்கு அவர் பிறந்த பினாங்கிலேயே 1998-இல் முடிந்த 21 மாடி அம்னோ கோபுரம் இருக்கிறது (அம்னோ ஒரு மலேசிய அரசியல் கட்சி). இதில் இறக்கை போல வெளியே நீளும் சுவர்கள் உண்டு. கட்டடத்தின் மேல் பட்டு விலகிப்போகிற காற்றை அந்தச் சுவர்கள் பிடித்துத் திருப்பி, திறந்து மூடக்கூடிய மாடங்கள் வழியே உள்ளே அனுப்புகின்றன. உயரமான இடத்தில் வெறுமனே ஜன்னலைத் திறந்தால் காற்று ஒன்று வராது, அல்லது காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். வேகத்தைக் கட்டுப்படுத்தி உள்ளே விடுவதுதான் கடினம், இந்த மாடங்கள் இருப்பது அதற்காக. எந்த மேசையும் திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து 6.5 மீட்டருக்கு அப்பால் போகாத அளவுக்கு அகலம் குறைந்த தளங்கள்.

அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். பினாங்கின் அப்போதைய வாடகைக்கு மைய ஏசி கட்டுப்படியாகாது என்று, தேவைப்படுகிறவர்கள் தாங்களே சிறிய ஏசி பொருத்திக்கொள்ளட்டும் என்றுதான் திட்டம் தொடங்கியது. கட்டி முடிக்கும்போது மைய ஏசி வந்துவிட்டது. வெளிக்காற்றில் இயங்கக்கூடிய கட்டடமாகவே அது இன்னும் இருக்கிறது, மின்சாரம் போனால் திணறாது. ஆனால் ஏசி கிடைக்கும் இடத்தில் ஜன்னலைத் திறக்க மனிதர்களை இணங்கவைப்பது கட்டடக் கலைஞரின் கையில் மட்டும் இல்லை. ஆண்டு முழுக்கப் புழுங்கும் ஊரில் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் பழக்கத்தையும் சேர்த்து அவரால் வடிவமைக்க முடியாதே.

சரி, செடிக்கு வருவோம். யாங்கின் வேலையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிக்கல். முதலாவது தட்பவெப்பம்: எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் கட்டடத்தை ஓட்டுவது? இதற்குப் பெரிய விடை கோரின் இடமும் நிழலும்தான், செடியின் பங்கு சிறிது. இரண்டாவது உயிர்ச்சூழல்: மண்ணையும் மரத்தையும் அழித்துக் கான்கிரீட்டைக் கொட்டிய இடத்தில் உயிர்களுக்கு எதைத் திருப்பித் தருகிறோம்? செடி இந்தக் கேள்விக்கான விடை. அப்படிப் பார்க்கும்போது எத்தனை தொட்டி என்பதைவிட, அவை ஒன்றோடொன்று தொடர்கின்றனவா என்பதுதான் முக்கியமாகிவிடும். தனித்தனித் தொட்டியில் ஒரு பூச்சியோ விதையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வழியில்லை. சிங்கப்பூருக்காக 1998-இல் அவர் வரைந்த 26 மாடி எடிட் கோபுரத்தில், தெருவிலிருந்து உச்சிவரை அறுபடாமல் ஏறும் பசுமைச் சரிவு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் என்னென்ன செடிகள் வளர்கின்றன என்று கணக்கெடுத்து, அவற்றோடு ஒத்துப்போகும் இனங்களைத் தேர்ந்தெடுக்கும் திட்டமும் இருந்தது. அந்தக் கோபுரம் கட்டப்படவேயில்லை.

அந்தச் சரிவு சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில், சொலாரிஸ் கட்டடத்தில் 2011 வாக்கில் நிஜமானது. இரண்டு கோபுரங்கள், நடுவே இயற்கைக் காற்றோட்டமுள்ள உயர்ந்த முற்றம், வெளியே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் 1.5 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பட்டை. அதன் அகலம் எங்கும் 3 மீட்டருக்குக் குறையாது. கீழே அது தரையோடு நிற்காமல் அடித்தளத்துக்குள்ளும் இறங்குகிறது, வெளிச்சமும் செடியும் மழைநீரும் அதன் வழியாக உள்ளே போகின்றன. ஒரு கோபுரத்தின் மேல்தளங்களைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு ஓர் ஒளிவழி போகிறது, பகல் வெளிச்சம் அதனால் உள் ஆழம்வரை வருகிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, செடிகளை ஒட்டியே ஓடும் நடைபாதை. தோட்டக்காரர் வாடகைதாரரின் அலுவலகத்துக்குள் நுழையாமலே 1.5 கிலோமீட்டரையும் நடந்து கவனிக்கலாம். உயரத்தில் செடி வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேலே காற்று அதிகம், மண் சீக்கிரம் காயும், வேருக்கு ஆழம் கிடையாது. ஒரு வாரம் தண்ணீர் நின்றால் போச்சு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் அறையைத் திறந்துவிடச் சொல்லித்தான் செடியிடம் போகமுடியும் என்றால் இரண்டு வருடத்தில் வெறும் தொட்டிகள்தான் மிஞ்சும். அழகான படங்களோடு வரும் பல பசுமைக் கோபுரத் திட்டங்களில் இந்த நடைபாதையைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

சொலாரிஸுக்கு முன்பே, 2005-இல், சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தை யாங் முடித்திருந்தார். தமிழ் நூல்களும் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கும் 16 மாடிக் கட்டடம் இது. புத்தகத்துக்கு ஈரமும் சூடும் ஆகாது, ஆகவே ஏசியைத் தவிர்க்க வழியே இல்லாத வேலை. அவர் கட்டடத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் நூல்கள், இன்னொன்றில் நாடக அரங்கு போன்ற பொது நிகழ்ச்சிகளுக்கான இடங்கள். இடையே மேலிருந்து வெளிச்சம் விழும் ஒரு தெரு, அதைத் தாண்டப் பாலங்கள். முழுக் குளிர்ச்சி புத்தகம் இருக்கும் இடத்துக்கு மட்டும், முன்கூடத்துக்கும் நடைவழிக்கும் குறைவாக, கீழே உள்ள திறந்த வெளிக்கு வெறும் காற்று. வெளிச்சுவரில் நீளமான நிழல்தகடுகள். எந்த இடத்துக்கு எவ்வளவு போதும் என்ற அதே கணக்கு, ஏசியைத் தவிர்க்கவே முடியாத ஒரு கட்டடத்திலும் செல்லுபடியாவதை இங்கே பார்க்கலாம்.

வானளாவிக் கட்டடத்தை எப்படிக் கட்டினாலும் அது பசுமையாகாது என்ற ஆட்சேபம் பழையது, வலுவானதும்கூட. உயரம் கூடக்கூடக் காற்றைத் தாங்க இரும்பும் கான்கிரீட்டும் அதிகம் வேண்டும், தண்ணீரை மேலேற்ற மின்சாரம் வேண்டும். ஈரமண்ணின் எடையைத் தாங்கத் தளத்தை இன்னும் தடிமனாக்க வேண்டும், ஆக வான்தோட்டமே கூடுதல் சிமெண்ட் கேட்கிறது. யாங் இதை மறுப்பதில்லை. உயரமான கட்டடம் இயற்கைக்கு மிக எதிரான வகைகளில் ஒன்று என்று அவரே சொல்லிவந்திருக்கிறார். நிலம் விலை ஏறிய நகரங்களில் எப்படியும் அதைக் கட்டத்தான் போகிறார்கள், அதனால் அதன் கேட்டைக் குறைக்கும் வேலையைச் செய்தாக வேண்டும் என்பது அவர் நிலை. இதை நான் ஏற்கிறேன், பாதி மனதோடு. செடிக்காகச் சேர்க்கும் கான்கிரீட்டுக்குக் கணக்கு காட்டாத எந்தப் பசுமைக் கோபுரத்தையும் நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. கோரை நகர்த்துவதில் அந்தத் தயக்கமே எழுவதில்லை. எப்படியும் கட்டப்போகிற சுவரைத்தான் வேறு பக்கம் கட்டுகிறோம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? காரணம் பணம்தான். வெளிச்சுவரில் கோர் இருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலோர வாடகை போகும். மெசினியாகா தன் சொந்தத் தலைமையகத்தைக் கட்டியது, மின்கட்டணத்தையும் அதுவே கட்டியது, அதனால் கணக்கு ஒத்துவந்தது. கட்டி விற்றுவிட்டுப் போகிறவருக்கு மின்கட்டணம் அவர் பிரச்சினை இல்லை. தனியொரு கலைஞர் ஒவ்வொரு முதலாளியாகப் பேசிச் சம்மதிக்கவைப்பதில் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை ஓரளவு உடைத்தது சிங்கப்பூரின் விதிமுறைகள். 2005-இல் பசுமைக் கட்டடங்களுக்கான கிரீன் மார்க் தரச்சான்று வந்தது, நூலகமும் சொலாரிஸும் அதில் பிளாட்டினம் நிலை பெற்றவை. வான்தோட்டத்தின் பரப்பைக் கட்டட அளவுக் கணக்கில் சேர்க்காமல் விடும் சலுகையும் அங்கே உண்டு, அதனால்தான் அந்த ஊரில் மாடித் தோட்டங்கள் இவ்வளவு பெருகின. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது யார் கண்ணிலும் படாத இன்னொரு விதி. ஏசி போட்ட அலுவலகக் கட்டடங்களில், வெளிச்சுவரின் சதுர மீட்டருக்குச் சராசரியாக இத்தனை வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வரக்கூடாது என்று அங்கே வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு சுவரும் எந்தத் திசை, எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு நிழல் என்று பார்த்துத்தான் அந்த எண்ணைப் போடுவார்கள். மேற்குச் சுவரை முழுக்கக் கண்ணாடியாக்கினால் எண் எகிறும். அங்கே லிஃப்டையும் படிக்கட்டையும் வைத்துக் கெட்டிச் சுவர் எழுப்பினால் எண் இறங்கும், தெற்கிலும் வடக்கிலும் தாராளமாகக் கண்ணாடி போட இடம் கிடைக்கும்.